யார் கையை யார் பிடித்தது

1

ஞாயிறு காலை புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. இரண்டு கையிலும் மா. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் விட்டேன். மிரியம்தான்.

"வதனி, எனக்கு ஒரு படம் வேண்டும். நீ எடுத்த யூதக் கலியாணப் படங்களில் உனக்கு மிகவும் பிடித்தது. நல்ல படம் வேண்டாம், பிடித்த படம். ஒன்றே ஒன்று. இரண்டு கொண்டுவந்தால் இரண்டையும் கிழித்துப்போடுவேன்."

மிரியம் பேசியது சூரிச் ஜெர்மன். அவளை யாழ்ப்பாணத் தமிழில் கதைக்கவிட்டால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். அதனால் அவளுக்கும் அவளுடைய ஆட்களுக்கும் இந்தக் குறிப்பு முழுவதும் புத்தகத் தமிழையே கொடுக்கப்போகிறேன். ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூரிச்சில் வீடிகோன் என்றொரு பகுதி. யூதர்கள் நெருங்கி வாழ்கிற இடம். அங்கே மிரியத்துக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. கலியாணப் படம்தான் அவளுடைய தொழில். பக்தி கூடிய குடும்பங்களின் கலியாணத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் திரை. பெண்கள் ஆடுகிற பக்கத்துக்கு ஆண் கமராக்காரன் வரமுடியாது. திரைக்கு இந்தப் பக்கத்தில்தான் பல வருடங்களாக எனக்கு வேலை. இப்போது ஸ்டூடியோவுக்கு வெள்ளி விழா. தன்னோடு வேலைசெய்த ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த ஒரு படத்தைத் தெரிவுசெய்ய வேண்டும், அதைச் சுவரில் தொங்கவிடப்போகிறேன் என்பது மிரியத்தின் எண்ணம்.

கை மாவைக் கழுவிவிட்டு நிமிர்ந்தால் அடுத்த போன். ஆரா நகரத்தில் இருந்து மல்லிகா அக்கா. என் மகள் அபி கட்டப்போகிற பையன் நிரோசனின் தாய். கலியாணத்துக்கு இன்னும் சில கிழமைகள்தான் இருந்தன.

"வதனி, குறை நினைக்காதையுங்கோ. ஐயர் கேக்கிறார், பொம்பிளைப் பக்கத்தால தாரை வார்க்கிறது ஆர் எண்டு."

"தம்பியும் மனுசியும் அக்கா. டாவோஸில இருந்து முதல் நாளே வந்திடுவினம்."

"உங்களுக்கு மனவருத்தம் ஒண்டும்..."

"ஒண்டுமில்லை அக்கா. நான் கமராவோட முன்னுக்கு நிப்பன்தானே."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அபி குளிர்சாதனப்பெட்டியில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"அம்மா, கலியாணத்தில தாராவுக்கு என்ன வேலை? ஆர் தாரா வளர்க்கினம்?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அது வாத்துத் தாரா இல்லையடி, தாரை என்றேன். தாலி கட்ட முதல் தகப்பன் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைப்பார், தாய் அதன்மேல் செம்பால் தண்ணீர் ஊற்றுவாள், அதுதான் தாரை வார்ப்பது என்று விளங்கப்படுத்தினேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப ஏன் மாமி ஊத்துறா? நீங்கள்தானே அம்மா."

"அப்பா இல்லைத்தானே பிள்ளை. சோடியாத்தான் செய்யவேணும்."

"நீங்கள் எங்க நிப்பீங்கள்?"

"நேர முன்னுக்கு. நான்தானே படம் எடுக்கிறன்."

"அது ஃபோட்டோக்காறி. என்ர அம்மா எங்க நிப்பா?"

புட்டு அவிந்துவிட்டது. ஒருவரும் சாப்பிடவில்லை.

2

அபியின் அப்பாவும் என் தம்பியும் சுவிசுக்கு வந்த புதிதில் டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினவர்கள். தம்பி இன்றைக்கும் அதே மலையில்தான், இப்போது சமையல்காரனாக. இவருக்குக் கோப்பையில் மனம் ஒட்டவில்லை. பழைய கமரா ஒன்றைத் தேடி வாங்கி, பனியையும் மலையேறுகிற பெட்டி ரயிலையும் எடுத்துப் பழகி, கடைசியில் சூரிச்சின் ஓர்லிகோனுக்கு இறங்கிவந்து எங்கள் ஆட்களின் கலியாணங்களை எடுக்கத் தொடங்கினார். நான் ஊரில் இருந்து வந்து சேர்ந்ததும் கையில் லைற்றைத் தந்துவிட்டார். தேனிலவு என்று நாங்கள் போனது மற்றவர்களின் கலியாண மண்டபங்களுக்குத்தான். நான் லைற் பிடிப்பேன், பொம்பிளையின் கூறைமடிப்பைச் சரிசெய்வேன், இவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "வதனி, கொஞ்சம் இடக்கைப் பக்கம்" என்பார். அந்தக் குரலுக்காகவே நான் இன்னும் இரண்டு மண்டபம் கூட ஏறி இறங்கியிருப்பேன். கமராவை நானும் அவர் பக்கத்தில் நின்றுதான் பழகினேன்.

ஒருநாள் காலையில் இவர் எழும்பவில்லை. நெஞ்சு. அவ்வளவுதான் சொல்லமுடியும், அதற்குமேல் எழுத எனக்குக் கை வராது.

பிறகு நகரசபைக்குப் போய் என் நிலையை மாற்ற வேண்டியிருந்தது. கணவனை இழந்தவள் என்பதற்கு இவர்களின் சொல் ஃபெர்விட்வெட். வீட்டில் பத்துத்தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்ன விசயம் என்று கேட்டதும் என் வாயில் வந்தது ஃபெர்விர்ட். அதற்குக் குழம்பிப்போனவள் என்று அர்த்தம். "நான் குழம்பிப்போனவள். இன்றிலிருந்து அப்படிப் பதியுங்கள்" என்று நல்ல உறுதியாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு இவரின் மரணச் சான்றிதழைப் பார்த்தாள். "இரண்டும்தான் இருக்கும்" என்று மெல்லச் சொல்லிவிட்டுச் சரியாகத்தான் பதிந்தாள். இதை நினைத்தால் இப்போது சிரிப்பேன். அன்றைக்கு வெளியில் வந்து டிராம் தரிப்பிடத்தில் இருந்து அழுதேன்.

எங்கள் ஆட்கள் ஒருவரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை, அவர்கள் நல்லவர்கள். "அக்கா, தாலி கட்டேக்க மட்டும் வேற பெடியனை முன்னுக்கு விடுங்கோவன்" என்றார்கள். "நீங்கள் ஏன் கஷ்டப்படுவான், பின்னுக்கு நிண்டு வீடியோ எடுங்கோ" என்றார்கள். பிறகு பிறந்தநாளுக்கும் அரங்கேற்றத்துக்கும் கூப்பிட்டார்கள். கலியாணத்துக்குக் கூப்பிடுவது தானாக நின்றது.

படம் அச்சடிக்கிற இடத்தில் வரிசையில் நின்றபோதுதான் மிரியத்தைக் கண்டேன். என் கையில் இருந்த அரங்கேற்றப் படங்களை எட்டிப் பார்த்தாள். "பெண்கள் ஆடும்போது அவர்களுடைய மூச்சை எடுக்கிறாய். உன்னிடம் நீண்ட கைவைத்த உடுப்பு இருக்கிறதா? புதன்கிழமை வரமுடியுமா?" என்றாள். புருசன் இருக்கிறாரா என்று கேட்கவில்லை. எனக்கு அது பெரிய விசயமாக இருந்தது.

முதல் கலியாணத்துக்கு மதியச் சாப்பாடாக இடியப்பம் கட்டிக்கொண்டு போனேன். மிரியம் பதறிப்போய்ப் பெட்டியைப் பறித்துத் தன் காருக்குள் வைத்துப் பூட்டினாள். அவர்களின் சமையலறைச் சுத்தத்துக்கு வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாதாம். எங்கள் மடைப்பள்ளி ஆசாரம் தெரிந்தவளுக்கு இதில் கோபப்பட என்ன இருக்கிறது. பந்தலுக்குக் கீழே பொம்பிளை மாப்பிள்ளையை ஏழுமுறை சுற்றினாள், மோதிரம் போட்டார்கள், எல்லாம் எனக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு மாப்பிள்ளை துணியில் சுற்றி வைத்த கண்ணாடிக் கிளாசைக் காலால் மிதித்து உடைத்தான். "ஐயோ" என்று நான் கத்தியே விட்டேன். கலியாண வீட்டில் கண்ணாடி உடைவது எங்களுக்கு அபசகுனம் அல்லவா! சுற்றியிருந்தவர்களோ "மசல் தோவ்" என்று ஆர்ப்பரித்தார்கள். அது வாழ்த்தாம். என் காதில் மசால்தோசை என்றுதான் விழுந்தது.

இடிந்துபோன தங்கள் கோயிலைச் சந்தோசத்திலும் மறக்கக்கூடாது என்றுதான் கிளாசை உடைக்கிறார்கள் என்று மிரியம் பிறகு சொன்னாள். எனக்கு அது நெடுநாள் மனதில் நின்றது. நாங்கள் துக்கத்தைக் கலியாண மண்டபத்தின் வாசலோடு நிறுத்திவிட்டு உள்ளே போகிறவர்கள். அந்தத் துக்கம் சிலவேளை சேலை கட்டிக்கொண்டு கமராவோடு வந்துவிடும், அதுதான் சிக்கல்.

வேலை நாட்களும் நன்றாகப் பொருந்தின. யூதர்கள் சனிக்கிழமை கலியாணம் வைக்கமாட்டார்கள். மிரியம் சனியில் போனைக்கூடத் தொடமாட்டாள். ஞாயிறோ கிழமை நாளோ எதுவென்றாலும் நான் ஓடிப்போவேன். அபி அப்போது பள்ளிக்கூடத்தில். வீட்டுக்கு வந்தால் அவள் சுவிஸ் ஜெர்மனில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடுகிற ரயில்கள்போல எங்கள் கதை ஓடும். அவளுடைய தமிழ் எங்கே கரைந்தது என்று நான் கவனிக்கவில்லை. தாரை தாராவானது ஒருநாளில் நடந்ததல்ல.

3

வியாழன் மாலை எல்லோரும் மிரியத்தின் ஸ்டூடியோவில் கூடினோம். நீண்ட மேசை. ஆளுக்கொரு படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முறைவைத்து நிமிர்த்த வேண்டும் என்பது மிரியத்தின் சட்டம்.

ஆண்கள் பக்கம் எடுக்கிற லூக்கா முதலில் நிமிர்த்தினான். மாப்பிள்ளையின் சப்பாத்து, தரையில் துணியில் சுற்றிய கிளாஸ், இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கிளாஸ் இன்னும் உடையவில்லை.

"உடைந்தபிறகு எல்லோரும் எடுப்பார்கள். எனக்கு இந்தக் கால் அந்தரத்தில் நிற்பதுதான் பிடிக்கும். இதற்குப்பிறகு அவன் கலியாணமானவன்" என்றான். அவனுக்குக் கலியாணம் ஆகவில்லை. மிரியம் அதைச் சொல்லி நக்கலடித்தாள்.

மிரியத்தின் படத்தில் மாப்பிள்ளையைக் கதிரையில் இருத்தி, அப்படியே தலைக்குமேல் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். கீழே இருப்பவர்கள் எல்லோருக்கும் பெருஞ்சிரிப்பு. மேலே இருக்கிற பையன் கதிரையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி விழிபிதுங்கிப்போய் இருக்கிறான். எத்தனையோ பெரிய வீட்டுக் கலியாணங்களை எடுத்தவள் இதைத்தான் கொண்டுவந்திருந்தாள்.

"காலையில் இருந்து அவன் எனக்குச் சிரித்துச் சிரித்துக் காட்டினான். இது ஒன்றுதான் எனக்காக வைத்த முகம் இல்லை" என்றாள்.

என் முறை வந்தது. நான் கொண்டுபோனது பல வருடங்களுக்கு முந்திய படம். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு முற்றம், மாலை வெளிச்சம், தூறல். அவர்கள் பந்தலைத் திறந்த வானத்துக்குக் கீழேதான் வைப்பார்கள். பொம்பிளையின் முகத்தைத் தடித்த வெள்ளைத் துணி மூடியிருக்கிறது. ஒரு பக்கம் மாமியார் மெழுகுதிரி விளக்கோடு வருகிறாள். மற்றப் பக்கம் தாய், அவளிடமும் ஒரு விளக்கு. அவளுடைய மற்றக் கை மகளின் கையோடு கோத்திருக்கிறது. உதட்டை இறுக்கிக்கொண்டு நேரே பார்த்து நடக்கிறாள். அந்தத் தாயின் பெயர் எஸ்தர். புருசன் இல்லாதவள் என்று அன்றைக்கே யாரோ எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"ஏன் இது?" என்றாள் மிரியம்.

"தனியாளாக நின்று மகளைக் கூட்டிக்கொண்டு போகிறாள். தைரியசாலி. நான் இவளைப்போல இல்லை" என்றேன். அந்தக் கடைசி வசனத்தைச் சொல்ல நான் நினைக்கவேயில்லை. அது தன்பாட்டில் வந்து விழுந்தது.

மிரியம் படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். "எங்கள் ஆட்களிலும் சிலர் இதற்குச் சம்மதிக்கமாட்டார்கள், தெரியுமா? பந்தலுக்குக் கூட்டிப்போகிறவர்கள் சோடியோடு வாழ்கிறவர்களாக இருக்க வேண்டும் என்பார்கள்" என்றாள்.

எனக்குத் தெரியாது. எங்களுக்கு மட்டும்தான் இந்த வில்லங்கம் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"பெண்களின் படத்தைக் கேட்காமல் நான் தொங்கவிடமாட்டேன். எஸ்தர் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். நீயே போய்க் கேள்" என்றாள் மிரியம்.

4

சனிக்கிழமை அபியோடு சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனேன். கடைக்காரப் பெண் என்னைப் பார்த்து, "அம்மாக்கு என்ன நிறம்?" என்று கேட்டாள். நான் சாம்பல் நிறத்தில் ஒன்றைத் தொட்டேன். அபி அதைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள். வெளியில் வந்ததும் தொடங்கினாள்.

"அம்மா, நிரோசன்ர அம்மாவோட நான் கதைக்கட்டோ?"

"வேண்டாம். அவ ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை."

"அப்ப ஆர் பிழையாச் சொல்லினம்?"

அவளுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது? பதிவுக் கலியாணம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. இந்த நாட்டில் அதுதான் முதலில். அரசாங்க மண்டபத்தில் என்னை முன்வரிசையில் இருத்தினார்கள், நான்தான் ஒரு சாட்சி, என் பேனாவால்தான் கையெழுத்து வைத்தேன். அரசாங்கக் கலியாணத்தில் எனக்கு ஒரு பயமும் இல்லை. மஞ்சளும் குங்குமமும் இருக்கிற கலியாணத்தில்தான் பயம்.

என் கலியாணம் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் பொருள் எதுவும் கிடைக்காத காலம். இவர் சுவிசில் இருந்து கொழும்பு வந்து, அங்கிருந்து பெரும்பாடுபட்டு ஊர்வந்து சேர்ந்திருந்தார். பிலிம் சுருள் ஒன்றுதான் அகப்பட்டது. படக்காரர் இடைக்கிடை பிலிம் இல்லாமலே பிளாசை மட்டும் மின்னவைத்து ஆட்களைச் சந்தோசப்படுத்தினார். இவருக்கு விசயம் விளங்கிவிட்டது. மணவறையில் இருந்துகொண்டே என் காதுக்குள், "இது வெறும் மின்னல், சிரிக்காதையும்" என்றார். அதனால் நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் படத்தில் உண்மையாகவே விழுந்துவிட்டது.

என் அப்பா அதற்கு முந்திய வருடம் ஷெல்லடியில் போயிருந்தார். எனக்குத் தாரை வார்த்தது பெரியப்பாவும் பெரியம்மாவும். அம்மா குசினி அடுப்படியில் நின்றார். மணவறையில் இருந்து பார்த்தால் குசினி யன்னல் தெரியும். யன்னல் கம்பிக்குப் பின்னால் அம்மாவின் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன. தண்ணீர் கையில் விழும்போது நான் அந்த யன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய கலியாணப் படம் ஒன்றிலும் அம்மா இல்லை. இப்போது அவர் உலகத்திலேயே இல்லை. இந்த வயதில் அம்மாவைப் பார்க்கவேண்டும்போல் இருந்தால் நான் எந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பேன்?

"எனக்குப் பயம் பிள்ளை" என்று அபியிடம் சொன்னேன். "ஆக்கள் கதைக்கிறது எனக்குப் பெரிசில்லை. நான் ஊத்தி, நாளைக்கு உனக்கு ஏதும் நடந்திட்டா?"

ஓர்லிகோன் ஸ்டேசன் வாசலில் ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அபி நடுவழியில் நின்றாள்.

"அம்மா, அப்பா செத்தது உங்களாலயோ?"

நான் கைப்பைக்குள் பயணச்சீட்டைத் தேடினேன்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ. நான் பேசாம இருக்கிறன்."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

5

திங்கட்கிழமை போனபோது எஸ்தரின் வீட்டில் பேரப்பிள்ளைகளின் சப்பாத்துகள் வாசல் முழுக்கச் சிதறிக்கிடந்தன. அவர் என்னை விடக் கொஞ்சம் மூத்தவர். தேநீர் தந்தார். பேரப்பிள்ளை ஒன்று மேசைக்குக் கீழே இருந்து என் காலைக் கிள்ளியது. படத்தை நீட்டி, சுவரில் வைக்கலாமா என்று கேட்டேன்.

எஸ்தர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதையா பிடித்திருக்கிறது? ஏன்?"

மிரியத்துக்குச் சொன்னதையே சொன்னேன். தனியாக மகளைக் கூட்டிக்கொண்டுபோன துணிவு என்றேன். என் மகளுக்கும் கலியாணம் என்றும், நான் மேடைக்கு ஏறப்போவதில்லை என்றும் சொன்னேன். தெரியாத வீட்டில் இவ்வளவு ஏன் கொட்டினேன் என்று விளங்கவில்லை. தேநீர் நல்ல சூடாக இருந்தது, அதாக இருக்கலாம்.

எஸ்தர் சிரித்தார். "துணிவா? எனக்கா? நான் வரமாட்டேன் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேனே. என் அண்ணிதான் போவதாக இருந்தது. விளக்குக்கூட அவள் கையில்தான் இருந்தது."

"பிறகு?"

"முகத்தை மூடிய துணியைப் பார். அது பழைய குடும்பத் துணி, அதற்குள்ளால் வெளிச்சம்கூடத் தெரியாது. கதவடியில் மகள் கையை நீட்டித் தேடினாள். நான் ஏதாவது வேண்டுமா என்று பக்கத்தில் போனேன். பிடித்துவிட்டாள். 'அம்மா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ விட்டால் விழுந்துவிடுவேன்' என்றாள். அண்ணியின் கை இதோ இருக்கிறது என்றேன். 'அது தெரியாத கை' என்றாள். நான் விடுவிக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. அண்ணி விளக்கை என்னிடம் தந்தாள். நீயே பார், இதில் யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள்?"

படத்தை வாங்கிப் பார்த்தேன். எத்தனையோ முறை திரையில் பெருப்பித்து, நிறம் திருத்தி, தூசு துடைத்த படம். தாயின் விரல்கள் விரிந்து கிடந்தன. அவை எதையும் பிடித்திருக்கவில்லை. மகளின் விரல்கள்தான் தாயின் மணிக்கட்டைச் சுற்றி, நகம் வெளுக்கும் அளவுக்கு இறுக்கியிருந்தன. தாய் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று நினைத்துக்கொண்டே இவ்வளவு காலமும் பார்த்திருக்கிறேன். எடுத்தவள் நான்தான், எனக்கே தெரியவில்லை.

படத்தை மேசையில் வைத்தேன். பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டேன். "அதற்குப்பிறகு மகள்... நன்றாக இருக்கிறாளா?"

நான் எதைக் கேட்கிறேன் என்று எஸ்தருக்கு உடனே பிடிபட்டது. மேசைக்குக் கீழே குனிந்து, என் காலைக் கிள்ளியதைக் காதில் பிடித்து வெளியே இழுத்தார்.

"இது அவளுடைய கடைசி. இதற்குமேல் மூன்று இருக்கின்றன. புருசனோடு கிழமைக்கு ஒருநாள் சண்டை பிடிப்பாள், பிறகு எனக்குப் போன் எடுப்பாள். நான் நடக்காமல் அண்ணி நடந்திருந்தாலும் சண்டை பிடித்திருப்பாள். அண்ணிக்குப் போன் எடுத்திருக்கமாட்டாள், அவ்வளவுதான்."

படத்தைத் தொங்கவிடச் சம்மதித்தார். தன் முகம் வேண்டாம், கைகள் மட்டும் போதும் என்றார். வீட்டுக்கு வந்து கைகள் மட்டும் வரும்படி வெட்டினேன். அப்படி வெட்டியபோது அது இன்னும் நல்ல படமாகிவிட்டது.

6

அன்றைக்கே ஆராவுக்குப் போன் எடுத்தேன். எதிர்ப்பு வந்தால் என்னென்ன சொல்லவேண்டும் என்று ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

"மல்லிகா அக்கா, தம்பி கையைப் பிடிச்சுக் குடுக்கட்டும். தண்ணி நான்தான் ஊத்துவன்."

"நான் வேண்டாம் எண்டு சொன்னனானே வதனி? ஆர் எண்டுதானே கேட்டனான். நீங்கள்தான் டக்கெண்டு தம்பி எண்டு சொன்னனீங்கள்."

யோசித்து வைத்ததெல்லாம் வீணாகப்போயிற்று. அவர் சொன்னதும் சரிதான். அவர் கேட்ட கேள்விக்குள் ஒரு பதிலும் ஒளிந்திருந்தது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பதிலை வாயால் சொன்னது நான்.

"ஐயரோட நான் கதைக்கிறன். நீங்கள் அந்தச் சாம்பல் நிறத்தை மட்டும் கட்டிக்கொண்டு வராதையுங்கோ" என்றார். அபி கடையில் நடந்ததை அங்கே ஒப்புவித்திருக்கிறாள்.

ஐயர் என்ன சொன்னார், மல்லிகா அக்கா என்ன பதில் சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. தம்பியின் மனுசிக்குக் கொஞ்சம் முகம் வாடத்தான் செய்தது. அவளுக்கும் ஆசை இருந்திருக்கும். கூறைத் தட்டத்தை அவள் கையில் கொடுத்து முன்னுக்கு நடக்கவிட்டோம்.

கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. மிரியம் விருந்தாளியாக வருவதாகச் சொல்லிவிட்டு இரண்டு கமராவோடு வந்து இறங்கினாள். எங்கள் நாதஸ்வரச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினாள். எந்த நேரம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று நான் அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன். தாரை வார்ப்பதற்கு வந்தபோது, "தாய் தண்ணீர் ஊற்றுவாள், நீ வலப்பக்கம் நில், கைகள் மறைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு என் கமராவைத் தேடினேன். பழக்கதோசம். மிரியம் என் கையில் மெல்லத் தட்டினாள். பிறகுதான் தாய் நான் என்று நினைவு வந்தது.

"பொம்பிளையின்ர தாய் வாங்கோ" என்றார் ஐயர்.

ஏறினேன். மண்டபத்தில் யார் யார் என்ன முகம் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. படம் எடுக்கிற நாட்களில் எல்லா முகமும் என் கண்ணில் படும். அன்றைக்கு எதுவும் படவில்லை. தம்பி அபியின் கையை எடுத்து நிரோசனின் கையில் வைத்தான். அவனுடைய விரல்களில் சமையலறைச் சூட்டுத் தழும்புகள் இருந்தன. அவன் அழுதுகொண்டிருந்தான். நான் அழவில்லை. அபி என்னைப் பார்த்து, சின்ன வயதில் மேடைக்கு ஏறமுதல் பார்ப்பதுபோல, கண்ணைப் பெரிதாக்கினாள். தொடங்குங்கோ என்று அதற்கு அர்த்தம்.

செம்பைச் சரித்தேன். தண்ணீர் அவர்களுடைய கைமேல் விழுந்து கீழே தட்டத்துக்குள் ஓடியது. ஐயர் மந்திரத்தைச் சொல்லி முடித்தார். நான் ஊற்றிக்கொண்டிருந்தேன். நிரோசனின் வேட்டி நனையத் தொடங்கியது. ஐயர் போதும் என்று கையைக் காட்டினார்.

"காணும் அம்மா, காணும்" என்றார்.

எனக்குக் காணவில்லை. செம்பு வெறுமையாகும்வரை ஊற்றினேன்.